இருபத்தோரு சென்டிமீட்டர்

ஷார்ஜா, அல் நஹ்தா. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
அதற்குள் முப்பத்தைந்து டிகிரி.
காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அலுத்து
பானெட் மேல் கழற்றி வைத்துவிட்டேன்.

ஜெட்டாவின் பின்பக்கம் இரண்டு வாரமாகக் கிறீச்சிட்டது.
இத்திஹாத் ரோட்டில் காலை ஏழு மணிக்கு
ஓட்டுவது என்று ஒன்று கிடையாது,
நிறுத்துவதுதான்.
புதன்கிழமை சத்தம் மாறியது.
இரும்பை இரும்பு தின்னும் சத்தம்.

கராஜ்காரன் எழுநூற்றைம்பது என்றான்,
என் தோளுக்குப் பின்னால் யாரோ ஆண் நிற்பதுபோல
அங்கே பார்த்துச் சொன்னான்.
இண்டஸ்ட்ரியல் நாலில் இரண்டு டிஸ்க், ஒரு செட் பேட்
இருநூற்றுப் பத்து திர்ஹம்.
பில் கேட்டு வாங்கினேன். நான் கணக்கர்.

ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை விரித்தேன்.
ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் பலதியா அபராதம் என்று
முந்தாநாள் மிரட்டிய வாட்ச்மேன் ஷஹாதத்
வந்து பார்த்தார்,
அட்டையின் ஓரத்தைக் காலால் நீவிவிட்டுப் போனார்.

முன்சக்கரத்துக்குச் செங்கல். கியர் பி-யில்.
ஹேண்ட்பிரேக் விட்டாயிற்று.
ஜெமிமா டார்ச் பிடிக்கிறாள்,
வெளிச்சம் அடிக்கடி பூனை மேல் போய்விடுகிறது.
"ஜெமி, என் கைக்கு."

காலிப்பரைக் குழாயில் தொங்கவிடக் கூடாதாம்.
செல்வினின் சட்டை ஹேங்கர் ஒன்றை வளைத்து
ஸ்பிரிங்கில் மாட்டினேன்.
டிஸ்க் வரவில்லை.
கடல் காற்று எட்டு வருஷமாக அதை ஹப்போடு ஒட்டியிருக்கிறது.
சுத்தியல்.
ஏழாவது மாடியில் ஒரு விளக்கு எரிந்தது.
காத்திருந்தேன். அணைந்தது.
இன்னும் இரண்டு அடி. வந்துவிட்டது,
துருவும் தூசியுமாக, மடியில் விழுகிற கனத்தில்.

பழைய பேட் இரண்டையும் அட்டையில் வைத்துப் பார்த்தேன்.
வெளிப்பக்கத்ததில் மூன்று மில்லி மிச்சம்.
உட்பக்கத்ததில் வெறும் தகடு.
போன லீவில் செல்வின் குனிந்து
சக்கரத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்து
"இன்னும் இருக்கு" என்றுதான் சொன்னான்.
பொய்யில்லை. அவனுக்குத் தெரிந்தது வெளிப்பக்கம்.
மறுநாள் ரிக்குக்குப் போய்விட்டான்.

பிஸ்டன் உள்ளே போக மறுத்தது.
கிளாம்ப் போட்டேன், முழங்காலால் முட்டுக் கொடுத்தேன்,
நாகர்கோவிலில் மட்டும் புழங்கும் ஒரு வார்த்தை சொன்னேன்.
"அம்மா!" என்றாள் ஜெமி.
பின்சக்கரம் வேறு ஜாதி.
ஹேண்ட்பிரேக்கின் திருகு அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.
தள்ளினால் முரண்டு.
வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே தள்ளினால்
முனகி முனகி, நூலளவாக, போகிறது.

இடது பக்கம் ஒன்றரை மணி நேரம்.
வலது இருபத்தைந்து நிமிஷம்.

சக்கர போல்ட்டை எவ்வளவு இறுக்குவது?
நூற்றிருபது நியூட்டன் மீட்டர் என்கிறது புத்தகம்.
அளந்து இறுக்கும் ரெஞ்ச் என்னிடம் இல்லை.
என் எடை ஐம்பத்தெட்டு.
பில்லின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்,
கம்பியில் இருபத்தோரு சென்டிமீட்டரில்
ஜெமியின் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன்.
தூணைப் பிடித்துக்கொண்டு
அந்தக் கோட்டின் மேல் ஒற்றைக் காலில் ஏறி நின்றேன்.
பத்து போல்ட். பத்து முறை.
இந்த ஊரில் என் எடை இவ்வளவு சரியாக
எதற்கும் பயன்பட்டதில்லை.

ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதித்தேன்.
பெடல் தரைக்குப் போனது, கூடவே என் வயிறும்.
இரண்டாவது மிதியில் பாதி.
நான்காவதில் கல்லாக நின்றது.

பார்க்கிங்குக்குள்ளேயே பத்துச் சுற்று, நடை வேகத்தில்.
அப்புறம்தான் ஜெமியை ஏற்றினேன்.

ஆளில்லாத சர்வீஸ் ரோடு. புது பேட் படிய வேண்டும்:
அறுபது, மெதுவாகப் பத்து. மறுபடி அறுபது.
போன் அடித்தது, செல்வின்.
எடுக்கவில்லை, இரண்டு கையும் கறுப்பு.
பின்சீட்டில் பெல்ட்டுக்குள் ஜெமி தூங்கிவிட்டாள்.
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும்
அவள் தலை கொஞ்சம் முன்னே வந்து
கொஞ்சம் பின்னே போகிறது.
விழிக்கவில்லை.