ஸ்டெப்னிக்கு ஓர் இடம்

நாலு சக்கரமும் மாற்றியாயிற்று.
பன்னிரண்டு அங்குலம் போய்ப் பதின்மூன்று.
செம்பூரான் கல் துருத்திய பாதையில்
இனி அடிவயிறு உரசாது என்றான் அடைக்கலம்.
ஐந்தாவதைத்தான்
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கம்பெனிக்காரன் அடியில் தொங்கவிட்ட கூண்டு
பழைய அளவுக்குப் பிறந்தது.
புதுசு முக்கால்வாசி நுழைந்து
இடுப்பில் சிக்கிக்கொண்டது.
காற்றை இறக்கிப் பார்த்தோம், போனது.
காற்றில்லாத ஸ்டெப்னியை வைத்து
யாருக்குப் பூச்சாண்டி காட்ட?

வெல்டிங் ஆரோக்கியம்
டிரைவர் தலைக்கு மேல் சட்டம் அடித்துக் கொடுத்தார்.
முதல் வாரமே ஒரு பந்தல் வாசலில்
கட்டி ஒரு மணி நேரம் ஆகாத வாழை
குலையோடு வண்டி மேல் சாய்ந்தது.
பெண் வீட்டார் சகுனம் பேசினார்கள்.
நான் அபராதம் கொடுத்தேன்.

பின்கதவில் மாட்டினோம்.
வேகத்தடைக்கு வேகத்தடை கீல் அழுதது.

பெட்டியில் படுக்கப் போட்டால்
மூன்று குண்டான் இடம் போகிறது.
மூன்று குண்டான் என்றால் ஒரு நடைக்கு நூற்றி இருபது.
வாடகைப் பாத்திரக் கடைக் கணக்கு நோட்டில்
சும்மா உட்கார்ந்து வருகிறவருக்குப் பத்தி கிடையாது.

முன்சீட்டில் வைக்கலாம்தான்.
அது என் சீட்.

கடைசியில் அடைக்கலமே கண்டுபிடித்தான்:
பெரிய பித்தளை அண்டா.
உள்ளே கோணியை விரித்துச் சக்கரத்தை இறக்கினான்.
அளவெடுத்து வார்த்த மாதிரி
சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.
பேருக்கேற்ற காரியம் இன்றைக்குத்தான் செய்தாய் என்றேன்.
காது கேட்காதவன் போலக் கயிறு முறுக்கினான்.

நாலு முகூர்த்தம் அப்படியே ஓடியது.
ஐந்தாவது கொத்தமங்கலத்தில்.
விடியுமுன்
அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி, சோத்துத் தட்டு
எண்ணி இறக்கிக் கையெழுத்து வாங்கித் திரும்புகையில்
பள்ளத்தூருக்கு முன்னால், கண்மாய்க் கரையில்
பின்சக்கரம் உஸ்ஸென்றது.

இறங்கிப் போய்
காலிப் பெட்டியைப் பார்த்தோம்.
பிறகு கொஞ்ச நேரம்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
சீட்டில் "அண்டா ஒன்று" என்றுதான் இருக்கிறது.
அண்டாவுக்குள் என்ன என்று
யாரும் கேட்பதில்லை.

போனில் சமையல் ராக்கப்பன்:
"அதுவா? ஓங்க சக்கரமா?
புளி போட்டு ரெண்டு தரம் தேச்சேன் ஆத்தா,
ரப்பர் வாடை போக.
இங்க தரை சரிவு. அண்டா ஆடுச்சு.
அதையே கழுவிக் கோணியைச் சுத்திப்
பிரிமணையாப் போட்டுட்டேன்.
மேல மோர் நிக்குது, முந்நூறு பேருக்கு.
இப்ப உருவ முடியாது.
கடைசிப் பந்தி எந்திரிக்கட்டும்."

வழியில் வந்த பால்காரர் பின்னால் ஏறி
அடைக்கலம் போனான்.
நான் கருவேல நிழலில் உட்கார்ந்து
நோட்டைத் திறந்து
"பிரிமணை ஒன்று" என்று எழுதினேன்.
வாடகை எவ்வளவு போடுவதென்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.
மூன்று டவுன் பஸ் போயின.
மூன்றிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

மூன்று மணிக்கு வந்தான்.
யாருடையதோ டிவிஎஸ் எக்ஸெல்.
அவனுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில்
நிமிர்ந்து நின்று வந்தது ஸ்டெப்னி.
சட்டமில்லை, கீலில்லை, ஒரு கயிறுகூட இல்லை.
ஆரோக்கியத்துக்குக் கொடுத்த ஆயிரத்து எண்ணூறு
ஞாபகம் வந்தது.
சாப்பிட்டாயா என்றேன்.
பாயசம் ரெண்டு தரம் என்றான், வெட்கமில்லாமல்.

மாட்டினோம். ரப்பரில் இன்னும் மோர் வாடை.
கழற்றிய சக்கரத்தை எங்கே வைக்க என்றான்.
காலிப் பெட்டியைக் காட்டினேன்.

காரைக்குடி வரும்வரை
ஒவ்வொரு வளைவிலும்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
முட்டிக்கொண்டே வந்தது,
இவ்வளவு இடத்தில்
எங்கே இருப்பதென்று தெரியாமல்.