ஏப்ரல் பக்கம்

ஹாலிஸ்டே ஆற்றுக்கு ஏப்ரலில் கரை கிடையாது.
பனி உருகிய கையோடு
ஊர்ப் பாதைக்குள் வந்துவிடும்,
அஞ்சல் பெட்டியின் கழுத்து வரைக்கும்.
எஸ்டோனியாவில் மற்றவர்களுக்கு நாலு பருவம்,
எங்களுக்கு ஐந்து.

காற்று எழுவது ஏழு மணிக்கு.
அதற்குள் எடுத்தாக வேண்டும்.
இடுப்பளவு நீரில்
பேருந்து நிறுத்தத்தில் நின்றேன்.
முக்காலியின் கால்கள்
அடியில் எங்கோ தார்ச்சாலையில்.

நீரில் தெரியும் மரத்தை எடுக்க
நீரின்மேல் குவிக்கக் கூடாது.
குவித்தால் மிதக்கும் சருகு தெளியும்,
மரம் கலங்கும்.
கரைமேல் மரம் எவ்வளவு தொலைவோ
அவ்வளவு தொலைவு உள்ளேயும் போக வேண்டும்.
இதைக் கற்க எனக்கு
இரண்டு வசந்தங்களும் ஒரு திருமணமும் செலவாயின.

வில்லை முன்னிருந்த வடிகட்டியைத் திருகினேன்.
வானம் அணைந்தது.
அடியில் வெள்ளைச் சாலைக்கோடு,
போன கோடையில் போட்டது.
சின்ன மீன்கள் சில
வலப்பக்க விதியை மதித்துப் போய்க்கொண்டிருந்தன.
திருப்பித் திருகினேன்.
வானம் வந்தது.

எதிரே ஹெய்னோவின் சவுனா.
படியில் அவர், தொப்பி, பச்சை வாளி.
உள்ளே புகுந்த வெள்ளத்தை மொண்டு
வெள்ளத்திலேயே கொட்டுகிற மனிதர்.
எடுத்தேன்.

இரவு, கணினி.
நீர் எப்போதும் ஒரு படி இருட்டு.
வாங்கிய வெளிச்சத்தை முழுசாகத் திருப்பித் தராது,
தரகு எடுத்துக்கொள்ளும்.
அந்தப் பாக்கியை நாம் கைவைத்து ஏற்றினால்
படத்தில் இரண்டு வானம்,
இரண்டுமே பொய் போல இருக்கும்.
கொஞ்சம் ஏற்றினேன்.
சபலம்.

நாட்காட்டி போடும் மாரெட் எழுதினாள்:
அழகு. ஆள் மட்டும் வேண்டாம்.
ஏப்ரல் காலியாக இருக்கட்டும்.

ஆளை எடுக்கப் பதினொரு நிமிடம்.
பக்கத்துப் பலகையிலிருந்து பலகை அள்ளி
அவர்மேல் அப்பினேன்.
வாளி போனது, கடைசியாகத் தொப்பி.
கீழே தலைகீழாய் நின்றவரை
ஏதோ மரத்தூர் என்று விட்டுவிட்டேன்.

எழுநூறு பிரதி.
படியில் யாருமில்லை,
நீரில் ஒருவர்.

ஹெய்னோ கோபப்படவில்லை.
அடுக்களையில் நாட்காட்டியைத்
தலைகீழாக ஆணியடித்திருந்தார்.
ஊர் முழுக்கக் கவிழ்ந்து தொங்க
அவர் ஒருவர் மட்டும் நேராக.
தேதியைக் கழுத்து ஒடிய ஒடியப் படித்து
பல் மருத்துவரைத் தவறவிட்டார்.
அதற்கும் நான்தான் காரணமாம்.

வீட்டுக்கு வந்து மூலப் படத்தைத் திறந்தேன்.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக.

நீர் பார்ப்பது கீழிருந்து.
கூரையின் அடிப்பக்கம், அங்கே ஒரு பழைய கூடு,
தொப்பி விளிம்புக்குள் இருந்த முகம்.
எனக்கு மேலே தெரிந்தது தொப்பி மட்டும்தான்.
நீரில் அவர்
நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னும் பின்னும் உள்ளவற்றையும் திறந்தேன்.
ஒன்பது படம், நாலு நிமிடம்.
ஒன்பதிலும் வாளி அதே இடத்தில்,
சாய்ந்து, விளிம்பு வரை நீர்,
ஒரு சொட்டும் விழாமல்.

பத்து லிட்டர் பிடிக்கும் அந்த வாளி.
போன மாதம்தான் அவருக்குத் தோள்பட்டையில் ஊசி போட்டார்கள்.

இந்த வசந்தமும் வெள்ளம் வந்தது.
இந்த வசந்தமும் பேருந்து நிறுத்தத்தில் நான்.
ஆறு மணி இருக்கும்.
அசைவில்லாத நீருக்கு அப்பாலிருந்து
ஹெய்னோ கத்தினார்:
"கொட்டலாமா?"

கொட்டுங்கள் என்றேன்.

சவுனா உடைந்தது, மரங்கள் உடைந்தன,
வானம் துண்டு துண்டாக
என் இடுப்பில் வந்து மோதியது.
விடாமல் அழுத்தினேன், நாற்பது படம்.

ஒன்றும் தேறவில்லை.
அவர் கேட்டால்
எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.