உள்ளே என்ன

டு-லெட் பலகையில் இரண்டே வரி:
சிங்கிள் பெட்ரூம், மாடி.
சைவம் மட்டும்.
யோவேல் தன் பெயரைக்
கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.
வரதன் சார் கேட்டது ஒன்றுதான்:
"சமையல் எப்படி?"
அந்தக் கேள்விக்கு உள்ளே
வேறொரு கேள்வி சுருண்டு கிடந்தது.
இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினோம்.
மேற்கு மாம்பலம். ஸ்டேஷனுக்கு ஆறு நிமிஷ நடை.
தலையாட்டாமல் என்ன செய்ய.

பெருங்குடியில் என் ஆபீஸ் வாசலில்
பிகாஷ் என்று ஒருவன் ரோல் போடுவான்.
கல்லில் ரொட்டி விழும்,
அதன் தலையில் முட்டை விழும்,
அந்தச் சத்தத்துக்காகவே
லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்குவேன்.
ரோட்டைத் தோண்டியபோது வண்டி போயிற்று.
அவன் மணிக்கட்டு திரும்பும் விதம் மட்டும்
எனக்கு ஞாபகம்.

அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன்.
மைதா இரண்டு டம்ளர், உப்பு, எண்ணெய்,
ஈரத்துணிக்குக் கீழே அரை மணி.
முதல் ரொட்டி இலங்கை மாதிரி வந்தது.
இரண்டாவது, எந்த நாடும் இல்லை.
யோவேல் வெங்காயம் அரிந்து
எலுமிச்சையும் உப்பும் பிசைந்து
ரோஜா நிறம் வரும்வரை ஊறவிட்டான்.
புதினா மிக்சியில்.
பனீர் நூறு கிராம்,
போதாது என்பதால் உருளைக்கிழங்கு,
அதுவும் போதாது என்பதால்
மத்தியானப் பொரியலில் மிஞ்சிய கோஸ்.

முட்டை இல்லாத இடம் மட்டும்
கல்லில் காலியாகத் தெரிந்தது.
கடலை மாவைக் கரைத்து
ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு
ரொட்டியின் மேல் ஊற்றினேன்.
சொய்ங் என்றது.
கண்ணை மூடினால் பெருங்குடி.

கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வரதன் சார்.
மொட்டை மாடிக்குப் போகிறவர்,
தோளில் காயாத வேட்டி.
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை,
நெற்றியில் திருமண் பளிச்சென்று.
கல்லையே பார்த்தார்.
"அது என்னம்மா, மஞ்சளா?"

"கடலை மாவு சார்."

"இல்லே, வாசனை..."
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
சுற்றி முடித்த ஒன்றை எடுத்து
ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன்.
"பிரிச்சுப் பாருங்க சார்."

பிரித்தார்.
பிரிக்கத் தெரியாத கை.
காகிதம் ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம்,
கோஸும் கிழங்கும் பனீரும்
பொலபொலவென்று
துவைத்த வேட்டியில் கொட்டின.
பச்சைச் சட்னி கடைசியாக, நிதானமாக.
யோவேல் சிரிப்பை அடக்க
ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டான்.

அவர் ஒரு பனீர்த் துண்டை எடுத்தார்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
திங்கவில்லை. போடவும் மனசில்லை.
"வேட்டி கறை போகுமோ?" என்றார் கடைசியில்.
"எலுமிச்சை தேய்ங்க சார்,
இதோ, அரை மூடி இருக்கு."
வாங்கிக்கொண்டு இறங்கினார்.

நான் அன்றைக்கு ஏழு ரோல் சுற்றினேன்.
நாங்கள் இரண்டு பேர்.
கோபம் வந்தால் எனக்கு
அளவு தெரியாது.

அடுத்த சனிக்கிழமை
காலிங் பெல்லை அழுத்தாமல் தட்டினது
அவர் பையன், ஹயக்ரீவ்,
ஏழாம் வகுப்பு, பல்லில் கம்பி.
அப்பா கொடுத்தனுப்பியதாக
முழு எலுமிச்சை இரண்டு.
கொடுத்த பிறகும் போகவில்லை.
ஒன்று சுற்றிக் கொடுத்தேன்.
நின்ற இடத்திலேயே தின்றான்.
இன்னொன்று கேட்டான்.
பாதி வாயோடு, குரலை இறக்கி:
"ஆன்ட்டி, இதுல நெஜமான முட்டை போட்டா
இன்னும் நல்லாருக்குமா?"

தெரியாதுப்பா என்றேன்.
யோவேல் பக்கம் பார்க்கவில்லை.
காகிதத்தின் அடியை
இரண்டு முறை முறுக்கிக் கொடுத்தேன்.
சட்னி சொட்டினால்
சட்டை காட்டிக் கொடுத்துவிடும்.