எந்த ஊரின் ஒன்பது மணி

பண்ணையில் சிக்னல் கிடையாது.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்,
ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள்:
"போனிலேயே நாட்காட்டி இருக்கிறதே நெரெய்தா,
கணினிக்குத் தனியாக எதற்கு?"

ஆட்டுமயிர் கத்தரிக்கும் குழு எங்களுடையது.
பதினொரு ஆட்கள், ஒரு வேன், நான்.
கிளம்பினால் ஒன்பது நாள்
காற்றும் ஆடும்தான்.
புந்தா அரேனாஸில் உட்கார்ந்து எவரிஸ்தோ
பண்ணைக்காரர்களிடம் தேதி வாங்கி
இணைய நாட்காட்டியில் போடுவான்.
வலை எட்டாத இடத்தில் நான் அதைத் திறக்க வேண்டும்,
அடித்துத் திருத்த வேண்டும்,
ஊர் திரும்பியதும் இரண்டும்
ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும்.
கேட்டது இவ்வளவுதான்.

ஜூலையில் ஆடுகளுக்கு மயிர் உண்டு,
எனக்கு வேலை இல்லை.
அடுப்பருகே மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.

முதலாவது பார்க்க லட்சணம்.
இணையத்தில் இருப்பதை அச்சுப் பிசகாமல் காட்டும்.
ஓர் எழுத்தை மாற்றப் போனால்
"வாசிக்க மட்டும்" என்று கையைத் தட்டிவிடும்.
சொன்னதைச் சொல்லும் கிளி.

இரண்டாவது இலவசம்,
எள் என்றால் எண்ணெயாய் நிற்கும் ரகம்.
ஒத்திசை என்றேன்,
மரின்கோவிச் பண்ணை இரண்டானது.
மறுபடி அழுத்தினேன், நான்கு.
அப்புறம் அது தானாகவே அழுத்திக்கொண்டது.
வெள்ளிக்கிழமைக்குள் அந்த மனிதரின்
ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆடுகள்
முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன.
சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மூன்றாவதுக்குக் காசு கட்டினேன்.
வாசித்தது, எழுதியது, வலை போனாலும் வாடவில்லை.
எந்த ஊர் நேரம் என்று கேட்டது.
பட்டியலில் சாந்தியாகோ இருந்தது.
சிலி என்றால் சாந்தியாகோ என்று
எங்கேயோ யாரோ முடிவு செய்திருந்தார்கள்.
ஒரே நாடுதானே என்று நானும் அழுத்தினேன்.

ஆகஸ்டில் ஒரு நாள்.
போர்வெனீர் படகு ஒன்பதுக்கு.
கணினியில் ஒன்பது என்றுதான் எழுதினேன்.
குளிர்காலத்தில் சாந்தியாகோ
கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்.
நாங்கள் தள்ளுவதில்லை.
கிடைப்பதே கைப்பிடி வெளிச்சம்,
அதன் சாயங்காலப் பக்கத்தை
யார் விட்டுக்கொடுப்பார்கள்?
ஆட்களின் போன்களில் பத்து என்று விழுந்தது.
துறையில் நானும் வேனும் மட்டும்.
படகு தன் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டு
ஜலசந்திக்குள் போவதை
சட்டைப் பையில் கைவிட்டபடி பார்த்தேன்.
பத்துக்கு வந்த பதினொரு பேரும்
தாமதமாக வரவில்லை,
திட்டவும் முடியவில்லை.
வேறோர் ஊரின் ஒன்பதுக்குச்
சரியாக வந்திருந்தார்கள்.

நான்காவது கரடுமுரடு.
அந்தப் பச்சை நிறம் கண்ணைக் குத்தும்.
வேறெதையும் தொடாமல்
ஊர்ப் பட்டியலை மட்டும் திறந்தேன்.
இறங்கினேன், இறங்கினேன்,
புவெர்ட்டோ ரிக்கோவுக்கு அடுத்து
புந்தா அரேனாஸ்.
யாரோ எங்களைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.
விலையைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது செப்டம்பர்.
ஒன்பது நாள் முடிந்து திரும்புகிறோம்.
மேட்டில் ஏறியதும் போனுக்கு உயிர் வந்தது,
போனிலிருந்து கணினிக்கு.
பின்னால் பதினொரு குறட்டை.
காற்று வேனை ஒருபக்கமாகச் சாய்க்கிறது.
திரையில் ஒரு கேள்வி:
சனிக்கிழமைக்கு இரண்டு பதிப்புகள் உள்ளன,
எதை வைத்துக்கொள்ள?

இடது பக்கம் நான் எழுதியது:
பல் டாக்டர், கடைவாய், பதினொரு மணி.
வலது பக்கம் எவரிஸ்தோ:
நானூறு ஆடுகள், ரொம்ப அவசரம்.

மூன்று முறை தள்ளிப்போட்ட பல்.
நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.
இடது.

அடுத்த வளைவுக்குள் போன் அடித்தது.
"நெரெய்தா, என் ஆடுகள் எங்கே?"
"வலது பக்கம் இருந்தன" என்றேன்,
வாயை முழுசாகத் திறக்காமல்.