சேவல் இல்லாத பண்ணை

புதன்சந்தைக்கு மேற்கே எங்கள் பண்ணை.
நாற்பதாயிரம் கோழி, ஒரு சேவல் கிடையாது.
எந்த ஓட்டுக்குள்ளும் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை
என்று தெரிந்துதான் எண்ணுகிறோம்.
அட்டைக்கு முப்பது.
ரேட்டு சாயங்காலம் போனில் வரும்.

முட்டையை எடை பார்த்துப் பிரிக்கிற மிஷினை மாட்டிவிட
கொரியாவிலிருந்து வந்தார் கிம் தோ-யோங்.
வெளிச்சத்தட்டில் முதல் முட்டையை வைத்து
அது உள்ளுக்குள் சிவந்ததும்
போனிடம் ஏதோ சொன்னார்.
போன் தமிழில் சொன்னது:
"நான் இதன் குடும்பம்."
பொங்கியண்ணன் சிரித்துச் சிரித்துத்
தீவன மூட்டைமேல் சாய்ந்துவிட்டான்.

பிறகு சோற்று நேரங்களில்
துண்டு துண்டாய் வந்து சேர்ந்தது கதை.

ராசா இல்லாத சீமை. ஒன்பது நாட்டாமைகள்.
வானத்திலிருந்து ஊதாக் கயிறு ஒன்று இறங்கியது.
நுனியில் சிவப்புத் துணி, துணிக்குள் தங்கப் பெட்டி,
பெட்டிக்குள் ஆறு முட்டை.
"ஆறுக்கெல்லாம் லோடு கட்டாதுங்" என்றான் பொங்கியண்ணன்.

முதலில் வெளியே வந்தவர் சூரோ.
பத்துப் பன்னிரண்டு நாளில் ஒன்பதடி வளர்ந்து
அந்த மாசத்துப் பௌர்ணமிக்கே பட்டம் கட்டிக்கொண்டார்.
பிராய்லருக்கே நாற்பது நாள் ஆகிறது.

முதல் வீட்டுக் கூரையில்
புல் நுனியைக்கூடக் கத்தரிக்கவில்லையாம்.
மண்படி மூன்றடி, அவ்வளவுதான்.
அரண்மனை வேலையை
காட்டு வேலை ஓய்ந்து ஆட்கள் சும்மா இருக்கும் மாசம் வரை
தள்ளிப் போட்டாராம்.
கடலைக்காய் பிடுங்க மூன்று நாள் லீவு கேட்டுக் கிடைக்காத குருப்பன்
அப்போதுதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

நாற்காலியைப் பறிக்க ஒருவன் வந்தான்.
அவன் பருந்தானான், இவர் கழுகானார்.
அவன் குருவியானான், இவர் வல்லூறானார்.
பிடித்திருக்கலாம். விட்டுவிட்டார்.
பருந்து என்றதும்
நாங்கள் பழக்கதோஷத்தில் மேலே பார்த்துக்கொண்டோம்.

பெண் பார்க்கட்டுமா என்றார்கள் மந்திரிகள்.
வேண்டாம், வரும் என்றார்.
வந்தது, தென்மேற்குக் கடலில் ஒரு சிவப்புப் பாய்.
இறங்கியவளுக்குப் பதினாறு வயசு.
கொண்டுவந்து விட்டவர்களுக்கு
ஆளுக்குப் பத்து மூட்டை அரிசி, முப்பது சுருள் துணி.
கணக்கெழுதுகிறவள் நான், இது மட்டும் மனசில் நின்றது.
இன்னொன்றும் கூட்டிப் பார்த்தேன்:
அவள் அவரைவிட ஒன்பது வயது மூத்தவள்.
யாரும் அதைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை.
எந்த ஊர்க்காரி என்று கேட்டதற்கு
"தூரம்" என்றது போன்.

நூற்றைம்பத்தேழு வயதில் அவள் போய்ச் சேர்ந்தாள்.
அவர் இன்னும் பத்து வருஷம் இருந்தார்.
அடுத்த ராசாவுக்குத் தாவப் போனார் கிம்.
நான் விடவில்லை.
"அந்தப் பத்து வருஷம் என்ன பண்ணினாருங்?"

என் வீட்டுக்காரர் வாளையாறு செக்போஸ்டில்
வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேல் தலை வைத்தவர்.
லோடு முழுசாய்த் திரும்பி வந்தது,
ஒரு முட்டை கீறவில்லை.
நாலு வருஷம் ஆகிறது.
இதெல்லாம் கிம்முக்குத் தெரியாது.

அவர் யோசித்துச் சொன்னார். போன் சொன்னது:
"ராஜா தினமும் ஒற்றைத் தலையணையில் பாடினார்."
மொழி பிசகிவிட்டதோ என்று
திரையைச் சட்டையில் துடைத்து மறுபடி சொன்னார்.
அதே பதில்.
பொங்கியண்ணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.
தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினான்.

பன்னிரண்டாம் நாள் கிம் கிளம்பிப் போனார்.
மிஷின் ஓடுகிறது.
ஒவ்வொன்றாய்ச் சிவந்து சிவந்து நகர்கின்றன,
உள்ளே யாரும் இல்லாதவை.
என் கட்டிலில் இன்னும் இரண்டு தலையணை.
எனக்குப் பாட வராது.

ரேட்டு ஐந்து பைசா இறக்கம்.
எழுதிக்கொண்டேன்.