மைக் மூடும் நேரம்

ஆபீசர்ஸ் லைனில் மாடிப்படி ஏறி ஒரு கடை.
விற்கிற பையன் சுஹைல்.
குரலில் இன்னும் மீசை முளைக்கவில்லை.
"மூணு இருக்குக்கா. பேசுங்க, அதுவே அடிச்சிரும்."

திங்கள்தோறும் சத்துவாச்சாரியில்
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
மனு எழுதுகிறவள் நான்.
கண் தெரியாதவள் எழுதியது என்று
தாளைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாது.

முதலாவதிடம் சொன்னேன்:
அணைக்கட்டு வட்டம், பள்ளிகொண்டா உள்வட்டம்.
ஸ்கிரீன் ரீடர் காதில் வாசித்தது:
அணை கட்டு. வட்டம். பள்ளி கொண்டா.
பாலாறு என்றேன்.
பால், பக்கத்தில் எண்ணால் ஆறு.
லிட்டரா ரூபாயா, தெரியவில்லை.
சுஹைல் சிரித்தான். நானும்தான்.
தண்ணீர் ஓடாத ஆற்றில் பாலாவது ஓடட்டும்.

இரண்டாவது கெட்டிக்காரி.
ஒடுகத்தூர், கீழ்மொணவூர்,
ழகரம்கூட வழுக்கவில்லை.
"பேசறதெல்லாம் எங்க போவுது?"
"க்ளவுடுக்குக்கா. மேகம்."
வேலூரில் மேகம் வந்தால்
ஊருக்கே தெரிந்துவிடும், தம்பி.
முந்தானையால் வாயை மூடிக்கொண்டு
புருஷன் அடித்ததைச் சொல்கிறவர்கள்
என்னிடம் வருகிறார்கள்.

போன வாரம் வந்த குணவதி.
பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனி, சம்பள பாக்கி.
"எட்டு மாசம்" என்றவள் நிறுத்தினாள்.
நிறுத்தினது நிறுத்தினதுதான்.
கீபோர்டில் விரலை வைத்தபடி
அவள் மூக்கை உறிஞ்சும்வரை இருந்தேன்.

அதனால் மறுபடி முதலிலிருந்து.
ஒவ்வொன்றிடமும் "எட்டு மாசம்" சொல்லி
வாயை மூடிக்கொண்டேன்.

முதலாவது, மூன்று எண்ணுவதற்குள்
டிங் என்று மைக்கை மூடியது.
கெட்டிக்காரி ஏழுவரை பொறுத்து
நீங்கள் பேசவில்லை என்றாள்.
மூன்றாவது, ஓசியில் கிடைப்பது,
சுஹைலே சிபாரிசு செய்யாதது,
நெட்டும் கேட்காதது,
சும்மா இருந்தது.
கீழே காட்பாடி பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று.
ஃபேன் நாலைந்து சுற்று கிறீச்சிட்டது.
அது இன்னும் சும்மா இருந்தது.
"என்னக்கா ஆச்சு?" என்றான் சுஹைல்.
படியில் இன்னொரு குரல்:
"டீ வந்துருக்கு, சக்கரை போடலாமா?"

வாசிக்கச் சொன்னேன். ஒப்பித்தது:
எட்டு மாசம் என்னக்கா ஆச்சு
டீ வந்துருக்கு சக்கரை போடலாமா.

"இதையே போட்டுக் குடு" என்றேன்.
"அக்கா, இது அணைக்கட்டைக்கூட
பிரிச்சுதான் போடும்."

போடட்டும்.
ஒட்ட வைக்க எனக்குத் தெரியும்.