அறுபதில் ஒரு பங்கு

முதல் மாதம் முழுக்க என் கட்டைவிரலைத்தான் எடுத்தேன்.
அடுத்த மாதம்
கடலைச் சாய்த்தேன்.
மாயேபூர் துறையில் தண்ணீர் இடப்பக்கமாக வழிய,
சிவப்புக் கூரை போட்ட அந்தக் குட்டித் தீவு
சட்டத்துக்கு வெளியே விழப் பார்த்தது.

புளூ பே ஓட்டலில் பாத்திரம் கழுவும் வாசென்
தங்க வந்த ஜெர்மன்காரர் ஒருவரிடம்
எனக்காகப் பேசி வாங்கிய காமிரா.
ஆறாயிரம் ரூபாய். அவனுக்கு மாதத் தவணை.
கையேடு ஜெர்மனில்.
படம் பார்த்துக் கற்றேன்:
ஓடும் மனிதன் போட்டிருந்தால் ஓட்டம்,
மலை என்றால் மலை.
நட்சத்திரத்தோடு ஒரு மனிதத் தலை இருக்கிறதே,
அது எதற்கென்று இன்றைக்கும் தெரியாது.

நான் பஸ் கண்டக்டர்.
மாயேபூருக்கும் கியூர்பிப்புக்கும் நடுவே
பத்தொன்பது வருஷம்.
திங்கட்கிழமைச் சந்தை நாளில்
ஆட்களுக்கு முன்னால் கூடைகள் ஏறும்.

கரும்பு பூத்த மாதம்
எல்லோரும் கரும்புப் பூவை எடுத்தார்கள்.
நானும் எடுத்தேன், நூற்றுப் பன்னிரண்டு படம்.
பார்க்கப் பார்க்க
யாரோ எடுத்து வைத்ததை நான் களவாடியது போலிருந்தது.
அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது
அந்த வாரம் கற்றது.

பிறகு வண்டிக்குள் எடுக்கத் துணிந்தேன்.
நெரிசலில் ஒரு முகம். அழுத்தினேன்.
விழுந்தது மஞ்சள் புகை.
இன்னொன்று:
பழுப்புப் புகை, அதற்குள் ஒற்றைத் தோடு.
நொடியில் அறுபதில் ஒரு பங்கு என்பது
இந்த வண்டிக்கு ரொம்ப நீளமான நேரம்.
எங்கள் எஞ்சின் அதற்குள்
ஒரு ஆட்டம் ஆடி முடித்துவிடும்.

மீன் விற்கும் மாரி-லூர்த்
என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.
‘என்னைக் கேட்டியா?’
கேட்கவில்லை.
‘சில்லறை இருக்கான்னு தினம் கேட்கத் தெரியுதில்ல?’

காது மடல் வரை சுட்டது.
காமிரா பைக்குள் போனது,
சீட்டுக் கிழிக்கும் மெஷினுக்கும் சோற்று டப்பாவுக்கும் அடியில்.
ஒன்பது நாள்.

பத்தாம் நாள் வழக்கம்போல அவள் கை நீண்டது.
முப்பத்தெட்டு ரூபாய், எல்லாம் நாணயம்,
உள்ளங்கை ரேகைக்குள் மீன் செதில்.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
மருந்துக்கடைப் பெண்ணின் விரலில்
மோதிரம் போன வெள்ளைத் தடம் தெரியும்.
பரீட்சைச் சூத்திரத்தை மணிக்கட்டில் எழுதிக்கொண்டு
சட்டைக்கையை இழுத்துவிடும் பையனைத் தெரியும்.
வழியில் எதிரே வந்தால் இவர்களில் ஒருவரையும்
எனக்கு அடையாளம் தெரியாது.

‘கையை மட்டும் எடுக்கட்டுமா?’

யோசித்தாள்.
‘கழுவலையே.’
‘கழுவ வேண்டாம்.’

டிரைவர் ழான்-நொயல்
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.
ரோஸ் பெல் நிறுத்தத்தில் ஓரங்கட்டி
எஞ்சினை அணைத்தான்.

வண்டி இவ்வளவு மௌனமாக இருக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
ஒருவர் இருமினார்.
கடைசி சீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம்
தானே உருண்டு முன்னால் வந்தது.
மழை விட்ட ஜன்னல் வழியே வெளிச்சம்
அவள் மணிக்கட்டு வரை வந்து நின்றது.
துளையை அகலத் திறந்தேன்.
முழங்கையை விலாவோடு ஒட்டினேன்.
மூச்சை வெளியே விட்டு, அடுத்ததை இழுக்காமல்,
அதே அறுபதில் ஒரு பங்கு.

நாணயங்கள் அச்சடித்த மாதிரி விழுந்தன.
கை கொஞ்சம் மங்கல்.
குவியம் இன்னும் என் சொல் கேட்பதில்லை,
பளபளப்பதன் பின்னால் ஓடிவிடுகிறது.

சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள்,
விரல் வைத்து ஒரு செதிலைத் துடைக்கப் பார்த்தாள்,
அது போகவில்லை.

‘காசு நல்லா வந்திருக்கு’ என்றாள்.
‘டிக்கெட்டைக் கொடு.’